மேட்டூர் அணை: நீர்த்தேக்கமாக எப்படி, மின்நிலையமாக எப்படி?

மேட்டூர் அணையை நீர்மின் நிலையமாக மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் குறைகள்தான் முன்னால் வந்து நிற்கும். காவிரி டெல்டாவின் தண்ணீர்க் களஞ்சியமாகப் பார்த்தால், 90 ஆண்டு கடந்த பிறகும் தமிழ்நாட்டில் இதற்கு ஈடு சொல்ல இன்னொரு அணை இல்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான் நாளிதழில் தினமும் வரும் நீர்மட்டக் கணக்கும் புரியும், அணையைப் பார்க்க எந்த நாளில் போவது என்பதும் தெரியும்.

முதலில் உடல்வாகு. 1925-ல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்ட கல்கட்டு அணை. வடிவமைப்பில் முதன்மையாகச் சொல்லப்படும் பெயர் பொறியாளர் எல்லிஸ். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். நீளம் 5,300 அடி, உயரம் 214 அடி, அடிப்பகுதி அகலம் 171 அடி. தண்ணீர் தேக்கும் அளவு 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி), நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல்.

உயரம் 214 அடி என்கிறார்கள், நீர்மட்டம் 120 அடியோடு முடிகிறதே என்று பலர் குழம்புகிறார்கள். 214 அடி என்பது பாறையில் தோண்டி இறங்கிய அடித்தளத்திலிருந்து எடுத்த அளவு. நீர்மட்ட அளவுகோலின் 0 அந்த அடித்தளத்தில் இல்லை, அதைவிட நன்றாக மேலே இருக்கிறது. அந்த அளவுகோலில் 120 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து 790 அடி.

தினசரி அறிக்கையைப் படிக்கும் விதம்

நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, நீர் திறப்பு ஆகிய நான்கு எண்கள் தினமும் காலையில் வெளியாகின்றன. இந்த அணை தரும் சேவையில் மிகவும் பாராட்ட வேண்டியது இதுதான். விதை நெல்லை எப்போது ஊறப்போடுவது என்று யோசிக்கும் விவசாயி முதல் ஆடிப்பெருக்குக்கு வண்டி பிடிப்பவர் வரை எல்லோரும் இந்த நான்கு எண்களை வைத்தே முடிவு எடுக்கலாம். ஆனால் மாற்றும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. மனதில் நிற்க 11,500 என்று வைத்துக்கொள்ளலாம். வரத்து 35,000, திறப்பு 12,000 என்றால் மிச்சம் 23,000. அதாவது அன்றைக்கு இருப்பு ஏறக்குறைய 2 டி.எம்.சி. கூடும்.

அது எத்தனை அடி ஏறும் என்பது மட்டத்தைப் பொறுத்தது. அணை அகன்ற கிண்ணம் மாதிரி, மேலே போகப் போகப் பரப்பு விரியும். 59.25 சதுர மைல் பரப்பில் ஒரு அடி தண்ணீர் நின்றால் 1.65 டி.எம்.சி. அதனால் 119 அடியிலிருந்து 120-க்கு ஏற 1.6 டி.எம்.சி. அளவுக்கு வேண்டும். 40 அடியில் இருக்கும்போது அதே தண்ணீர் மட்டத்தைப் பல அடி உயர்த்திவிடும். ‘ஒரே நாளில் 6 அடி உயர்வு’ என்ற தலைப்புச் செய்தி பெரும்பாலும் அணை வற்றிக் கிடக்கும்போதுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே அணை நிரம்பும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம் நிச்சயம்.

சில மட்டங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 120 அடியில் 93.47 டி.எம்.சி., 100 அடியில் 65-க்குச் சற்றுக் குறைவு, 90 அடியில் 52-53, 40 அடியில் 12 அளவு. மேலே இருக்கும் 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் அடங்கியிருக்கிறது. அடியில் இருக்கும் 40 அடியிலோ 12-தான். ‘பாதி அணை நிறைந்துவிட்டது’ என்று 60 அடியைப் பார்த்துச் சொல்வது தவறு. 60 அடியில் இருப்பு முழுக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

நீர்வரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டுமானால் மேட்டூர் எண்ணைவிட மேலே இருக்கும் எண்கள் பயன்படும். தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. அடுத்து ஒகேனக்கல். அங்கே காலையில் வரத்து கூடினால் சில மணி நேரம் கழித்து மேட்டூரில் அதன் பாதிப்பு தெரியும். அதற்கும் மேலே கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர் 124.80 அடி, 49.45 டி.எம்.சி.; கபினி 84 அடி, 19.52 டி.எம்.சி. இவை இரண்டும் விளிம்பைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் பெய்யும் மழைக்கு அங்கே இடமில்லை, எல்லாம் மேட்டூருக்குத்தான். தென்மேற்குப் பருவத்தில் மேட்டூர் நிரம்புமா என்று கணிக்க விரும்புகிறவர் கபினியை முதலில் பார்க்க வேண்டும். சிறிய அணை, வயநாட்டு மழைக்குச் சீக்கிரம் நிரம்பி வழியும்.

ஜூன் 12-ம் பிலிகுண்டுலுவும்

அணையின் முக்கியமான வேலை ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை குறுவை, சம்பா, தாளடி நெல் சாகுபடிக்குத் தண்ணீர் கொடுப்பது. 230 நாள் சேவை. இந்தக் காலத்துக்குத் தேவை 330 டி.எம்.சி. என்று கணக்கிடுவார்கள். அணையில் அடங்குவதோ 93.47. வினாடிக்கு 12,000 கன அடி திறந்தால் நாளொன்றுக்கு 1.04 டி.எம்.சி. போகும். நிரம்பிய அணையே மூன்று மாதம் தாங்காது. ஆக, ஒரு பருவத்தில் அணை பல முறை காலியாகி நிறைய வேண்டும், அல்லது வடகிழக்குப் பருவமழை டெல்டாவில் நேரடியாகப் பெய்து தேவையைக் குறைக்க வேண்டும். பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழே காவிரியில் சேர்வதால் அவற்றின் தண்ணீரும் கை கொடுக்கும். மேட்டூரைப் பெட்டகம் என்று நினைப்பதைவிட வரவும் செலவும் ஓயாமல் நடக்கும் கல்லாப்பெட்டி என்று நினைப்பது பொருத்தம்.

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று கொடுத்த தீர்ப்பின்படி சாதாரண ஆண்டில் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. வர வேண்டும். அதன் மாதப் பங்கீட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5.

ஜூன் 12 முதல் 30 வரை 19 நாளுக்கு 12,000 கன அடி வீதம் திறந்தால் 19.7 டி.எம்.சி. வேண்டும். அந்த மாதம் முழுக்க வர வேண்டியதே 9.19-தான். எனவே குறுவையின் முதல் மாதம் போன ஆண்டு மிச்சத்தில்தான் ஓடுகிறது. ஜூன் தொடக்கத்தில் 90 அடிக்கு மேல் இருந்தால் திறக்கலாம் என்று விவசாயிகள் சொல்லும் கணக்கு அனுபவத்தில் வந்தது, எண்களும் அதற்கு ஒத்துப்போகின்றன. 90 அடியில் இருப்பு 52 டி.எம்.சி.; ஜூன் 12 முதல் ஜூலை முடிய 50 நாளுக்குச் செலவு 52 டி.எம்.சி. ஜூலைத் தண்ணீர் ஒழுங்காக வந்துவிட்டால் பயம் இல்லை.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 சான்று. ஜூன் 12 அன்று 103 அடியில், 69 டி.எம்.சி. இருப்போடு திறந்தார்கள். மேலே மழை ஏமாற்றியது. நீர்மட்டம் 30 அடி அளவுக்குச் சரிந்து, அக்டோபர் 10 அன்று பாசனத் திறப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் குறையோடு வந்ததால் 2024-ல் ஜூன் 12 தப்பி, ஜூலை 28 அன்றுதான் திறப்பு. இரண்டே நாளில், ஜூலை 30 அன்று, அதே அணை நிரம்பி வழிந்தது. 2022-ல் நேர் எதிர்: மே 24 அன்றே திறந்தார்கள். இந்தத் தாறுமாறை அணையின் குறை என்று சொல்ல முடியாது. அணை தன் பங்குக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது, மேலிருந்து வருவதுதான் ஒழுங்காக இல்லை.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் பிடிக்கும். ஜூன் 12-ல் மேட்டூர், 15 அல்லது 16-ல் கல்லணை என்பது அதனால்தான். எடுத்த எடுப்பில் 12,000 கன அடி திறப்பதில்லை. 3,000 அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். காய்ந்து கிடக்கும் மணல் ஆறு முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் தண்ணீரைக் கீழே விடும். கடைமடை விவசாயி நாற்றங்காலுக்கு நாள் குறிக்கும்போது கல்லணைத் திறப்பிலிருந்தும் மேலும் பல நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் வாய்க்கால் தூர் வாரியிருந்தால்.

டெல்டா தவிர, கிழக்கு, மேற்குக் கரை கால்வாய்கள் வழியே சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள். அணைக்குப் பக்கத்திலேயே இருந்தும், அணையில் போதிய இருப்பு இல்லாத ஆண்டுகளில் இவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மின்சாரம்

இனி மின்நிலையம். அணையடியில் இருக்கும் அணை மின்நிலையம் 1937-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 10 மெகாவாட் எந்திரங்கள் நான்கு, பிறகு புதுப்பிக்கப்பட்டு ஒவ்வொன்றும் 12.5 ஆனது, மொத்தம் 50 மெகாவாட். 1960-களில் வந்த சுரங்க மின்நிலையத்தில் 50 மெகாவாட் எந்திரங்கள் நான்கு. இரண்டும் சேர்ந்து 250 மெகாவாட்.

இந்த 250-ஐ எப்போதும் கிடைக்கும் எண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அணை நிறைந்திருந்து, இரு நிலையங்கள் வழியாகவும் 22,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் ஓடினால் கிடைப்பது அது. நீர்மின்சாரத்தின் கணக்கு எளிது: விநாடிக்கு எத்தனை கன மீட்டர், எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, இரண்டையும் பெருக்கி 9.81-ஆல் பெருக்கினால் கிலோவாட். எந்திர இழப்புக்கு 12 சதவீதம் கழிக்கலாம். 1,000 கன அடி என்பது 28.3 கன மீட்டர். அது 10 மீட்டர் விழுந்தால் 2.4 மெகாவாட். மேட்டூரின் 22,000 கன அடிக்கு 250 மெகாவாட் என்றால் தண்ணீர் விழும் உயரம் சுமார் 46 மீட்டர், அதாவது 150 அடி என்று கணக்கு வருகிறது. நிறைந்த அணையில் 1,000 கன அடிக்கு 11 மெகாவாட். இன்னொரு விதமாகச் சொன்னால் 1 டி.எம்.சி. தண்ணீர் 31 லட்சம் யூனிட் கொடுக்கும்.

நீர்மட்டம் 120-லிருந்து 60 அடிக்கு இறங்கினால் விழும் உயரம் 150-லிருந்து 90 அடியாகக் குறையும். அதே 1 டி.எம்.சி. இப்போது 19 லட்சம் யூனிட்தான் தரும். அழுத்தம் குறைவதால் டர்பைன் உள்வாங்கும் நீரும் குறையும், ஆகவே மெகாவாட் இன்னும் வேகமாகச் சரியும். வடிவமைத்த உயரத்துக்கு மிகவும் கீழே எந்திரத்தை ஓட்டுவதில் ஆபத்தும் உண்டு. டர்பைன் இதழ்களின் பின்புறத்தில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி வெடிக்கும், உலோகத்தில் பொடிப்பொடியாகக் குழி விழும், தண்டு அதிரும். அதனால் ஒரு மட்டத்துக்குக் கீழே எந்திரத்தை நிறுத்திவிட்டு மதகு வழியாகத் தண்ணீர் விடுவதுதான் சரி. வறண்ட ஆண்டுகளில் ‘மின் உற்பத்தி நிறுத்தம்’ என்று செய்தி வந்தால் அதை நிர்வாகக் கோளாறாகப் பார்க்க வேண்டியதில்லை.

என் பார்வையில் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. மேட்டூரில் மின்வாரியம் விரும்பிய நேரத்தில் தண்ணீர் திறக்க முடியாது. திறப்பைப் பாசனம் முடிவு செய்யும், மின்சாரம் பின்னால் வரும். ஜனவரி 28-க்குப் பிறகு குடிநீருக்காக 1,000 கன அடி போன்ற சிறு அளவே போகும். 11 மெகாவாட்டுக்கு மேல் அதில் எதிர்பார்க்க முடியாது. மார்ச், ஏப்ரல், மே என்று மாநிலத்தின் மின்தேவை உச்சிக்கு ஏறும் மாதங்களில் எந்திரங்கள் ஏறக்குறைய ஓய்வில் இருக்கின்றன. ஜூனுக்குப் பிறகு அவை முழு வீச்சில் ஓடும்போது தமிழ்நாட்டில் காற்றாலைப் பருவமும் உச்சத்தில் இருக்கும். தேவை கூடும்போது இல்லாமல், காற்றாலை மின்சாரம் பெருகும்போது வந்து சேரும் உற்பத்தி இது.

இதைக் கொஞ்சமேனும் சரிசெய்ய வழி உண்டு. நீர்மின் எந்திரத்தைச் சில நிமிடங்களில் இயக்கி நிறுத்தலாம். ஒரு நாளைக்கான பாசனத் தண்ணீரைச் சீராக விடாமல், சூரிய மின்சாரம் மறையும் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கூட்டியும் பகலில் குறைத்தும் விட்டால் யூனிட் எண்ணிக்கை மாறாமல் அதன் பயன் கூடும். ஆற்றில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தைக் கீழே இருக்கும் கதவணைகள், அதாவது ஆற்றின் குறுக்கே ஷட்டர் வைத்துக் கட்டிய தடுப்பணைகள், தாங்கிச் சமப்படுத்தலாம். ஆனால் ஆற்றில் குளிப்பவர்களுக்கும் பரிசல் ஓட்டுபவர்களுக்கும் தெளிவான எச்சரிக்கை ஏற்பாடு இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

கதவணைகள் மேட்டூர் மின்சாரத்தின் சிறந்த பகுதி. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக நான்கு, ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் எந்திரங்கள் இரண்டு, ஆக 120 மெகாவாட். அவற்றுக்கும் கீழே பவானி கட்டளைக் கதவணைகள். மேட்டூரில் ஒரு முறை எந்திரத்தைச் சுழற்றிய அதே தண்ணீர் ஒவ்வொரு கதவணையிலும் சில மீட்டர் விழுந்து மறுபடி சுழற்றுகிறது. உயரம் குறைவு என்பதால் இங்கே ஆற்றோட்டத்தின் திசையிலேயே படுத்திருக்கும் பல்பு வகை டர்பைன் பொருத்தியிருக்கிறார்கள். மேட்டூரில் 12,000 கன அடி திறந்தால் அது தன் வழியில் ஏழெட்டு இடங்களில் கூலி கொடுத்துவிட்டுத்தான் திருச்சி அருகே முக்கொம்பு சேர்கிறது. இந்தத் திட்டமிடலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வெள்ளக் காலத்தில் கதவணையின் எல்லா ஷட்டர்களையும் தூக்கிவிட வேண்டும். தூக்கியதும் மேலும் கீழும் நீர்மட்டம் ஒன்றாகிவிடும். விழுவதற்கு உயரம் இல்லை, உற்பத்தியும் இல்லை. ஆறு கரைபுரண்டு ஓடும் நாளில் கதவணை மின்நிலையம் நிற்பதைப் பார்த்து வியப்பவர்கள் இந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்சாரத்துக்கென்றே கட்டிய திட்டத்தோடு ஒப்பிட்டால் மேட்டூரின் இடம் தெளிவாகும். 1932-ல் தொடங்கிய நீலகிரியின் பைக்காரா நிலையத்தில் தண்ணீர் 3,000 அடிக்கு மேல் விழுகிறது. அங்கே ஒரு கன அடி தருவதை மேட்டூரில் பெற 20 கன அடி வேண்டும். மேட்டூர் அந்தக் குறையை அளவால் ஈடு செய்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளமும் வண்டலும்

மின்நிலையங்கள் உள்வாங்கும் 22,000 கன அடிக்கு மேல் வரும் உபரி, 16 கண் மதகு வழியாகப் போகும். எல்லிஸ் பெயரால் அழைக்கப்படும் இந்த உபரிநீர்ப் போக்கியில் ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், கதவு 20 அடி உயரம். கதவின் அடிமட்டம் 100 அடியில் இருக்கிறது. அதற்குக் கீழே நீர்மட்டம் இருந்தால் எவ்வளவு திறந்தாலும் ஒரு சொட்டு போகாது. அப்போது மற்ற மதகுகளும் மின்நிலையங்களும்தான் வழி. எனவே பெரிய வெள்ளத்தை முன்கூட்டி வெளியேற்றி இடம் செய்து வைக்கும் வசதி 100 அடிக்கு மேலே இருக்கும் தண்ணீருக்கு மட்டுமே தாராளமாக உண்டு.

வெள்ளத்தைத் தணிக்கும் அணையாக மேட்டூருக்குச் சுமாரான மதிப்பெண்தான். ஜூலை, ஆகஸ்டில் ஒவ்வொரு அடியையும் பாசனத்துக்காகச் சேர்த்து வைக்கவே எல்லோரும் விரும்புகிறார்கள். 120 அடியைத் தொட்ட பிறகு 1 லட்சம் கன அடி வந்தால் 1 லட்சமும் அப்படியே கீழே போக வேண்டியதுதான். அதைத் தாங்கும் பொறுப்பு கீழே இருக்கும் பழைய கட்டமைப்புகளின் தலையில் விழுகிறது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வந்த பெருவெள்ளத்தைத் தொடர்ந்து முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 45 கண்களில் 9 கண்கள் இடிந்து போயின. மேட்டூர் அணை அசையவில்லை. அதற்குக் கீழே கவனிக்காமல் விட்டது உடைந்தது.

உபரியை வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோக, திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம் வைத்து சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளை நிரப்பும் சரபங்கா திட்டம் 565 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வந்தது. நல்ல நோக்கம். ஆனால் அணை நிரம்பி வழியும் நாட்களில் மட்டுமே எடுக்கலாம் என்பதால், வறட்சி ஆண்டில், அதாவது ஏரிகளுக்கு மிகவும் தேவைப்படும் ஆண்டில், அது உதவாது. வழியும் நாட்கள் குறைவு. எனவே அந்தச் சில நாட்களில் எத்தனை பம்பு இடைவிடாமல் ஓடுகிறது என்பதுதான் திட்டத்தின் உண்மையான அளவுகோல்.

தினசரி அறிக்கையில் திருத்த வேண்டிய எண் ஒன்று உண்டு: 93.47. கட்டியபோது இருந்த கொள்ளளவு இன்றும் அப்படியே அச்சாகிறது. 90 ஆண்டாக வண்டல் இறங்கிக்கொண்டிருக்கும் அணையில் அது இருக்க முடியாது. 2017-ல்தான் வண்டல் அள்ளும் பணி முதன்முறையாகத் தொடங்கியது. வண்டல் அணைச்சுவரின் அடியில் மட்டும் படிவதில்லை. ஆறு தேக்கத்துக்குள் நுழைந்து வேகம் இழக்கும் மேல்பகுதியில்தான் மணலும் பருவண்டலும் முதலில் விழும். அது பயன்படும் கொள்ளளவையே தின்கிறது. ஒருவர் இதைத் தாளிலேயே சோதிக்கலாம். வரத்து குறைந்த கோடையில் பத்து நாளுக்குத் திறப்பிலிருந்து வரத்தைக் கழித்து, 11,574-ஆல் வகுத்து டி.எம்.சி. ஆக்கி, அறிக்கை காட்டும் இருப்புக் குறைவோடு ஒப்பிட வேண்டும். ஆவியாதலையும் சேர்த்த பிறகும் மட்டம் கணக்கைவிட வேகமாக இறங்கினால், அட்டவணை சொல்லும் அளவுக்கு அணையில் தண்ணீர் இல்லை என்று பொருள்.

ஆவியாதல் சிறிதல்ல. முழுப் பரப்பிலிருந்து நாளுக்கு 5 மில்லிமீட்டர் போனாலும் அது விநாடிக்கு 300 கன அடிக்குச் சமம். குடிநீருக்குத் திறக்கும் 1,000 கன அடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

தண்ணீரின் தரம் இன்னொரு கவலை. வரத்து நின்று தேக்கம் அசையாமல் கிடக்கும்போது பண்ணவாடி, கோட்டையூர் பக்கம் நீர் பச்சை நிறமாகித் துர்நாற்றம் வீசுவது பல ஆண்டுகளில் நடந்திருக்கிறது. வயல் உரமும் கழிவுநீரும் கொண்டுவரும் சத்தில் பாசி பெருகி, பிறகு செத்து அழுகுவதுதான் காரணம். நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பது நாற்றத்தைக் குறைக்கிறது, சத்து உள்ளே வருவதை நிறுத்துவதில்லை. மேலிருந்து கழிவு வருவதைத் தடுக்காத வரை ஒவ்வொரு கோடையிலும் இதே கதைதான். கரையோர மக்கள் குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். 16 கண்ணில் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைய அறிக்கையில் இரண்டு எண்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்: நீர்மட்டம் 119-120, வரத்து 25,000-க்கு மேல். இதில் ஒன்று குறைந்தாலும் 16 கண்ணும் மூடியிருக்க வாய்ப்பு அதிகம், காய்ந்த பாறையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். நீர்மட்டம் 110 இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். 2025-ல் ஜூன் 29 அன்றே, அணை வரலாற்றில் 44-வது முறையாக, 120 அடியைத் தொட்டது. அப்படி முன்கூட்டி நிரம்பும் ஆண்டுகளில் பல வாரம் உபரி போகும், அவசரப்பட வேண்டியதில்லை. ஆடி 18 அன்று மட்டும் தவிர்க்கலாம். அணைக்கட்டு முனியப்பன் கோயிலிலும் பூங்காவிலும் அன்று நிற்க இடம் கிடைக்காது, வெள்ளம் அதிகமிருந்தால் ஆற்றில் இறங்கவும் விடமாட்டார்கள்.

பூங்கா அணையின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து நிமிர்ந்து பார்க்கும்போதுதான் கல்கட்டின் பருமன் புரியும். தேக்கத்தின் விரிவைப் பார்க்கப் பவளவிழா கோபுரம் நல்ல இடம். காலை வெளிச்சத்தில் மலைகள் தெளிவாகத் தெரியும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் வறுவல் கடையில் உட்காரும் முன் எந்த மீன் என்று கேளுங்கள். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி எல்லாம் அணையில் பிடிபடும். கட்லாவும் ரோகுவும் பெரிய மீன், துண்டு போட்டால் நடுமுள் தவிரச் சதையில் கவை முள்ளும் இருக்கும், குழந்தைகளுக்குக் கவனமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஜிலேபியில் முள் தொல்லை குறைவு. மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பதைவிட, முழு மீனைக் காட்டச் சொல்லிச் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வெட்டச் சொல்வது நல்லது.

நீர்மட்டம் நன்றாக இறங்கிய ஆண்டில் போகிறவர்கள் அணைச்சுவரை விட்டுவிட்டு, கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குப் போகலாம். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சமாக ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் இரட்டைக் கோபுரக் கிறிஸ்தவ ஆலயமும் தண்ணீருக்கு வெளியே வந்து நிற்கும். எதிர்க்கரை நாகமரைக்குப் படகில் போகிறவர்கள் உயிர்காப்பு உடை கொடுத்தால்தான் ஏறுவது என்று உறுதியாக இருங்கள். நந்தி கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். ஆனால் இடையில் இருக்கும் வெடித்த வண்டல் தரையின் மேலோடு மட்டுமே காய்ந்திருக்கும், அடியில் சேறு முழங்காலுக்கு மேல் இழுக்கும். ஆடு மாடு நடந்த தடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதே தடத்தில் போய், அதே தடத்தில் திரும்புங்கள்.